மேற்படிப்பு விண்ணப்பமும் விடைக்குக் காத்திருத்தலும்

(நம் சங்கத்தின் தைத் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பிள்ளைகள் அயல்நாடு சென்று உயர்கல்வி பெறுதலைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எமக்குக் கட்டளையிட்டனர். யாம் பள்ளியில் இலக்கணமும் இலக்கியமும் பயிற்றும் தமிழாசிரியர். கடல் கடந்து சென்றறியோம். பொறியியலின் அரிச்சுவடியையும் கற்றறியோம். இத்தகைய எமக்கு இப்பொருள் எங்ஙனம் பொருந்துமென்று உங்களுட் சிலர் ஐயுறலாம். எம் தமக்கையாரின் மகள் உயிர்மருத்துவப் பொறியியல் என்னுந் துறையிற் பட்டம் பெற்று, 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பதிற்கு விண்ணப்பித்தாள். அவள் விண்ணப்பம் எழுதிய காலத்தும், விடை நோக்கிக் காத்திருந்த காலத்தும் யாம் அவ்வீட்டாருள் ஒருவராய் உடனிருந்து பலவற்றைக் கண்டோம். ஒரு பிழையுஞ் செய்தோம். கண்டவற்றையும் செய்த பிழையையும் அவள் இசைவு பெற்று உங்கள்முன் வைக்கின்றோம். அயல்நாட்டுக் கல்வி முழுவதையும் பேசப் புகாது இவ்வொரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இதுவே.

முதற்கண் அத்துறை இன்னதென்பதை யாவரும் எளிதில் உணருமாறு கூறுவோம். நெஞ்சின் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் கருவியும், சிறுநீரகம் பழுதுற்றார்க்குக் குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் பொறியும், இதயத் துடிப்புத் தளர்ந்தார்க்கு மார்பினுள் வைக்கும் பேஸ்மேக்கரும், காலிழந்தார்க்குப் பொருத்தும் செயற்கைக் காலும் நீங்கள் மருத்துவமனையிற் கண்டனவும் கேட்டனவுமே. இவற்றை மருத்துவர் மட்டும் ஆக்குதல் இயலாது. பொறியாளர் மட்டும் ஆக்குதலும் இயலாது. உடலின் இயல்பறிந்தாரும் பொருள்களின் இயல்பறிந்தாரும் ஒருங்கிருந்து செய்யும் வினைக்கே உயிர்மருத்துவப் பொறியியல் என்று பெயர்.

இத்துறையில் வெற்றி விரைந்து வருவதன்று. நெதர்லாந்து நாட்டில் காம்பென் என்னும் சிற்றூர் மருத்துவமனையில், அந்நாட்டை ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த 1943-ஆம் ஆண்டில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் இறைச்சிக் குழலுக்குப் பயன்படும் செலோபேன் குழாயை ஓர் உருளைமீது சுற்றி, குருதியைத் தூய்மை செய்யும் பொறி ஒன்றை அமைத்தார். அவர் முதலில் அப்பொறியிற் சேர்த்த நோயாளர் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். 1945-ஆம் ஆண்டில் 67 வயதுள்ள ஒரு மூதாட்டி நினைவு மீண்டு எழுந்தபோதே அம்முயற்சி பயன்பட்டது. நம் அண்டையிலும் ஒரு சான்றுண்டு. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையத்தில், இதய அறுவை மருத்துவராகிய எம். எஸ். வலியத்தான் அவர்களும் பொறியாளர் குழுவினரும் இதயத்தின் செயற்கை வால்வு ஒன்றை நம் நாட்டிலேயே ஆக்க முனைந்தனர். மூன்று வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின. நான்காவது வடிவமே 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளியின் இதயத்திற் பொருத்தப்பட்டது. அதன்பின் பல்லாயிரவர் அதனால் உயிர் தாங்கினர். இத்துறைக்குட் புகும் பிள்ளை தவறுதலைத் தொழிலின் ஒரு பகுதியாகவே கற்றுக்கொள்ளல் வேண்டும். ஆனால் நம் வீடுகளோ, அத்துறையின் வாயிலில் ஒருமுறை தவறினாலும் பொறுப்பதில்லை.

இனி அமெரிக்கக் கல்விமுறையை நோக்குவோம். அங்கே இத்துறையிற் பட்டம் பெற்றபின் கற்கும் கல்வி இருவகைப்படும். ஒன்று எம்.எஸ். எனப்படுவது, ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளில் முடிவது, பெரும்பாலும் மாணவர் தம் கைப்பொருள் கொண்டே கற்பது. மற்றொன்று பி.எச்.டி. எனப்படும் ஆராய்ச்சிப் பட்டம். ஐந்தாண்டு முதல் ஆறாண்டு வரை நீள்வது. கல்விக் கட்டணத்தை விலக்கி, உண்டு உறைந்து வாழ்வதற்கு உதவித்தொகையும் தந்து மாணவரைப் பல்கலைக்கழகமே தாங்குவது. இவ்விரண்டின் வேற்றுமையை அறியாத பெற்றோர் நம்முள் மிகப் பலர். 'அமெரிக்காவில் இடம் கிடைத்துவிட்டது' என்னும் ஒரு தொடருள் இரண்டையும் அடக்கிவிடுகின்றனர். ஒன்றில் பிள்ளைக்குப் பொருள் வருகின்றது. மற்றொன்றில் வீட்டிலிருந்து பொருள் போகின்றது. இதனை நெஞ்சிற் கொள்ளாதார்க்கு யாம் பின்னர்க் கூறுவன விளங்கா.

அந்நாட்டில் இத்துறை வளர்ந்த வரலாறும் பொருளுதவியின் வரலாறேயாம். சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், உடலியக்கவியலின் தந்தையெனப் போற்றப்படும் ஒய். சி. ஃபங் என்பார் 1966-ஆம் ஆண்டு தொடங்கி உயிர்ப்பொறியியற் கல்வியை வளர்த்தனர். 1975-ஆம் ஆண்டில் தோன்றிய விட்டேக்கர் அறநிலையம், 2006-ஆம் ஆண்டில் தன் பொருள் முழுவதையும் வழங்கி முடித்துத் தன்னைத்தானே மூடிக்கொள்ளும்வரை, 70 கோடி டாலருக்கு மேல் இத்துறைக்கே ஈந்தது. அதனால் அமெரிக்கா எங்கும் புதிய துறைகள் எழுந்தன. அட்லாண்டா நகரில் ஜியார்ஜியா டெக் என்னும் அரசுக் கல்விநிலையமும் எமரி என்னும் தனியார் பல்கலைக்கழகமும் கூடி 1997-ஆம் ஆண்டில் ஒரே துறையை நிறுவின. ஒன்றிடம் பொறியியல் இருந்தது, மற்றொன்றிடம் மருத்துவக் கல்லூரி இருந்தது. இங்ஙனம் ஈகையாலும் அரசின் ஆராய்ச்சிப் பணத்தாலும் எழுந்த துறையில், மாணவர்க்குரிய இடங்களின் எண்ணிக்கையும் அப்பணத்தின் ஏற்றத்தாழ்வையே தொடர்ந்து செல்லும்.

விண்ணப்பத்திற்கு வேண்டுவன யாவை? மதிப்பெண் சான்றுகள், ஆங்கிலப் பயிற்சியைக் காட்டும் டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு, தன் கல்வியும் செய்த பணியும் கூறும் குறிப்பு, ஆசிரியர் மூவர் எழுதும் பரிந்துரைக் கடிதங்கள், 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ்' எனப்படும் நோக்கவுரை என்பன. ஜி.ஆர்.இ. என்னும் பொதுத்தேர்வு முன்னர் இன்றியமையாததாய் இருந்தது. இப்போது பல துறைகள் அதனைக் கேட்பதில்லை. அத்தேர்வும் 2023 செப்டம்பர் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் முடியுமாறு சுருக்கப்பட்டது. ஆகவே பழைய நினைவால் அதற்கெனப் பெருந்தொகை செலுத்திப் பயிற்சி நிலையத்திற் சேர்த்தற்குமுன், நாம் விரும்பும் துறை அதனைக் கேட்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் நூறு டாலர் அளவில், அதற்கு முன்பின்னாகக் கட்டணம் உண்டு. சில துறைகள் வேண்டிக் கேட்பார்க்குக் கட்டணத்தை விலக்குவதும் உண்டு. கேட்க நாணுவோரே நம்மவருட் பலர்.

நோக்கவுரையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற விரும்புகின்றோம்; எமக்குச் சிறிதேனும் உரிமையுள்ள இடம் அது ஒன்றே. எம் தமக்கையார் மகள் தான் எழுதிய உரையை ஒருநாள் மாலை எம்மிடம் கொணர்ந்து, "மாமா, ஆங்கிலம் இருக்கட்டும், பொருள் எப்படியிருக்கின்றது என்று மட்டும் பாருங்கள்" என்றாள். இளமை முதலே மனித குலத்திற்குத் தொண்டு செய்யும் வேட்கை தனக்குண்டென்றும், அப்பல்கலைக்கழகம் உலகப்புகழ் வாய்ந்ததென்றும், அங்கே கற்றல் தன் கனவென்றும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். சொல் அழகாகவே இருந்தது. ஆயினும் அப்பெண்ணின் பெயரை அடித்துவிட்டு வேறொருவர் பெயரை எழுதினாலும் அவ்வுரை முழுதும் பொருந்தும் என்பதைக் கண்டோம். "அம்மா, நீ கையாற் செய்தது என்ன? அதைத் தமிழிற் சொல்" என்றோம்.

அவள் சொல்லலானாள். நீரிழிவு நோயாளர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றுதலால், ஓரிடத்தே அழுத்தம் மிகுந்து புண் உண்டாவதும் அவர்க்குத் தெரியாது. அவ்வழுத்தத்தை அளத்தற்குச் செருப்பின் உள்ளட்டையிற் சிறிய உணரிகளைப் பதித்து, அவள் தன் இறுதியாண்டில் ஒரு கருவி அமைத்தாள். காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவும் காட்டிற்று. மூன்று வாரம் கணினி நிரலிற் பிழை தேடினாள், கிடைக்கவில்லை. பின்னர் ஒருநாள் செருப்பைக் கழற்றித் தொட்டுப் பார்த்தபோது அது வெப்பமாய், வேர்வையால் நனைந்திருந்தது. வெப்பத்தாலும் ஈரத்தாலும் உணரியின் அளவு மாறுகின்றதென்று அறிந்து, உறையை மாற்றி, ஒவ்வொரு நாளும் அளவைச் சீர்செய்யும் முறையொன்றை வகுத்தாள். இவையனைத்தையும் கேட்டபின், "இதில் ஒரு வரியேனும் நீ எழுதவில்லையே" என்றோம். "அது தவறாய்ப் போனதல்லவா மாமா, அதை எப்படி எழுதுவது?" என்றாள். தவறியதும், அதன் காரணங் கண்டதும், திருத்தியதுமே ஆராய்ச்சி. அவ்வுரையை முற்றும் புதிதாக எழுதினாள்.

நன்னூல் கற்றார்க்கு இது புதிதன்று. ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதுங்கால், செய்தவர் யார், எவ்வழியைப் பின்பற்றிச் செய்தார், எப்பொருள் பற்றிச் செய்தார், யார்க்காகச் செய்தார், பயன் என்ன என்பன தோன்ற வேண்டுமென்று நம் முன்னோர் வகுத்தனர். நோக்கவுரையிலும் வேண்டப்படுவன இவையே. யாரிடம் கற்றேன், எதனை ஆராய்ந்தேன், அவ்வாராய்ச்சியை உங்கள் துறையில் எந்தப் பேராசிரியர்பால் எங்ஙனம் தொடர விரும்புகின்றேன், அதனாற் பயன் என்ன என்று தெளிவாகக் கூறின் போதும். அன்றியும், சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதிக்கொள்ளுதல் மரபன்று. அவர்தம் ஆசிரியரோ உடன்கற்றவரோ மாணாக்கரோ தக்க உரைகாரரோ எழுதுவர். பரிந்துரைக் கடிதமும் அத்தகையதே. உடனிருந்து பணியைக் கண்ட ஆசிரியர், கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி எழுதும் அரைப்பக்கம், பெரும்பதவி வகிப்போர் அறியாமலே எழுதும் புகழ்மாலையினும் எடை மிக்கது. நம் ஊரில், 'நீயே எழுதிக் கொண்டுவா, கையொப்பமிடுகின்றேன்' என்று கூறும் ஆசிரியரும் உளர். அங்ஙனம் தானே தனக்குப் பாயிரம் பாடும் இழிநிலைக்கு மாணவரைத் தள்ளுதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று என்று, அத்தொழில் செய்யும் எம்மையும் உட்படுத்தியே கூறுகின்றோம்.

விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் முதல் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள், அஃதாவது கார்த்திகை இறுதிக்கும் மார்கழிப் பிறப்பிற்கும் இடையே சென்று சேர்கின்றது. அதன்பின் நிகழ்வது யாது? பேராசிரியர் சிலர் கூடிய குழுவொன்று விண்ணப்பங்களைப் படிக்கின்றது. தகுதியுடையார் பலர் எஞ்சுவர், இடமோ சில. அவருள்ளும் எவருடைய விருப்பம் எந்தப் பேராசிரியரின் ஆராய்ச்சியோடு பொருந்துகின்றது, அவ்வாண்டு அவரிடம் புதிய மாணவரைத் தாங்கும் பொருளுதவி உண்டா என்று நோக்குகின்றனர். செயற்கைக் கால் ஆராயும் பேராசிரியர் அவ்வாண்டு ஓய்வு பெறுவாராயின், அவரை நம்பி எழுதிய மாணவர் எத்துணைச் சிறந்தவராயினும் இடமில்லை. தை, மாசித் திங்கள்களிற் சிலரை நேர்காணலுக்கு அழைப்பர். முதலில் இடம் பெற்றார் சிலர் வேறிடம் ஏகின், காத்திருப்போர் பட்டியலில் உள்ளார்க்கு அவ்விடம் செல்லும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. பொருளுதவியோடு இடம் தரப்பெற்ற மாணவர் ஏப்ரல் 15-ஆம் நாள் வரை விடை கூறாது எண்ணிப் பார்க்கலாம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தமக்குள் உடன்பட்டுள்ளன. நம் கணக்கிற் சொல்லின், சித்திரைப் பிறப்பிற்கு மறுநாள். ஆகவே மார்கழியில் விதைத்ததற்குச் சித்திரை வரை விளைவு தெரியாதிருத்தல் அம்முறையின் இயல்பு. மாசியில் விடை வரவில்லையாயின் அது மறுப்பும் அன்று, பிள்ளையின் சோம்பலும் அன்று. இச்சிறு செய்தியை அறிந்திருந்தால் எம் தமக்கையார் வீட்டில் நான்கு திங்கள் நிகழ்ந்த துன்பத்திற் பாதியேனும் குறைந்திருக்கும்.

அத்துன்பத்தையும் எம் பிழையையும் இனிக் கூறுவோம். அமெரிக்கப் பகற்பொழுது நமக்கு இரவாதலின், விடை தாங்கிய மின்னஞ்சல்கள் நள்ளிரவிலேயே வந்தன. தைத் திங்களிறுதியில் முதல் மறுப்பு வந்தது. மாசி முடிவதற்குள் ஐந்து மறுப்புக்கள். அவள் இரவெல்லாம் தலையணையருகே செல்போனை வைத்து விழித்திருந்தாள். காலையில் வீட்டிற்கு வருவோர், "அமெரிக்கா என்ன ஆயிற்று?" என்பர். பால் ஊற்றுவோர் முதல் பத்திரிகை வைக்க வந்த உறவினர் வரை அவ்வொரு வினாவையே வினவினர். அங்ஙனம் வினவினாருள் முதல்வர் யாமே. ஞாயிறுதோறும் அவ்வீடு செல்வோம், செருப்பைக் கழற்றுமுன்பே, "வந்துவிட்டதா?" என்போம். அன்பினாற் கேட்கின்றோம் என்றே எண்ணியிருந்தோம்.

மாசி மகத்தன்று குலதெய்வக் கோயிலிற் சுற்றத்தார் கூடியிருந்தபோது, யாம் பலர் நடுவே அவளை நோக்கி, "உன் தோழிக்கு டெக்சாசில் கிடைத்ததாமே, உனக்கு இன்னும் இல்லையா?" என்றோம். அவள் விடை கூறவில்லை. பொங்கற் பானைக்கு விறகு எடுக்கச் செல்வதுபோல் எழுந்து சென்றாள். அதன்பின் யாம் செல்லும் ஞாயிறுகளில் அவள் மாடியறையினின்றும் இறங்கி வரவில்லை. மூன்றாம் ஞாயிறன்று எம் தமக்கையார் வாயிலிலேயே எம்மை நிறுத்தி, "தம்பி, நீ மற்ற எதை வேண்டுமானாலும் பேசு, அதை மட்டும் கேட்காதே. நீ வந்தால் அவள் உண்ணாமற் படுத்துவிடுகின்றாள்" என்றார். இருபதாண்டு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி, தேர்வு முடிவு வரும் நாளில் அவர்தம் முகங்களைக் கண்டு பழகிய எமக்கு, எம் வீட்டுப் பெண்ணின் முகம் தெரியாமற் போயிற்று. இதனினும் நாணத்தக்கது எமக்கு வேறில்லை.

அவ்வாண்டு அமெரிக்காவில் நிகழ்ந்தது யாதென்பதையும் பின்னரே அறிந்தோம். உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கு அந்நாட்டில் மிகப் பெரும்பொருள் வழங்குவது என்.ஐ.எச். எனப்படும் அரசு நிலையம். அது 2025 பிப்ரவரி 7-ஆம் நாள், ஆராய்ச்சிக்கூடங்களை நடத்துதற்குரிய மறைமுகச் செலவுக்கு இனி 15 விழுக்காட்டிற்கு மேல் தருவதில்லை என அறிவித்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் பல 50 விழுக்காட்டிற்கு மேலும் பெற்று வந்தன. வழக்குகள் எழுந்தன, நீதிமன்றங்கள் அவ்வறிவிப்பைத் தடுத்தன. எனினும் அவ்வச்சத்தாலும் பிற நிதிக்குறைவாலும் அவ்விளவேனிலிற் பல பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தன. சில, தந்த இடங்களையும் திரும்பப் பெற்றன. நம்மவர்க்கு இடர் இருமடங்கு. எங்ஙனமெனின், அந்நாட்டு அரசு மாணவர்க்கென நேரே வழங்கும் சிறந்த ஆராய்ச்சி உதவிகளுட் பல அந்நாட்டுக் குடிகளுக்கும் நிலையாக வாழும் உரிமை பெற்றார்க்குமே உரியன. அயல்நாட்டார் பேராசிரியரின் பொருளுதவியையோ துறையின் பொருளுதவியையோ நம்பியே இருத்தல் வேண்டும். அது சுருங்கிய ஆண்டில் நம் பெண் விண்ணப்பித்தாள். அவளை நேர்கண்ட பேராசிரியர் ஒருவர், தம்மிடம் சேர்த்துக்கொள்ள விருப்பமுண்டென்றும், பொருள்நிலை தெளியாமையாற் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருப்பதாகவும் எழுதினார். யாமோ அத்திங்களில் அவளைக் கோயில் வாயிலில் நிறுத்தி வினவிக்கொண்டிருந்தோம்.

எஞ்சிய மூன்று விடைகளுள் இரண்டு சித்திரை கழிந்தபின் மறுப்பாக வந்தன. ஒன்று மட்டும் வேறு வகையாக வந்தது: 'ஆராய்ச்சிப் பட்டத்திற்கு இடமில்லை, எம்.எஸ். படிப்பிற்கு இடம் தருகின்றோம். பொருளுதவி இல்லை' என்பது அதன் சாரம். அன்றிரவு அவ்வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. தமக்கையார் கணவர், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து அறுபது லட்ச ரூபாய் பெறுவதென்று முடிவு செய்துவிட்டார். அவர் கூறிய காரணம் எம் நெஞ்சைத் தைத்தது: "இத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்; இனி என்ன சொல்வது?" வீட்டை ஈடுவைக்கத் தூண்டியது கல்வியின் மேலுள்ள காதலன்று, எம்போன்றார் வினவிய வினா.

அப்போது அப்பெண் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்து வந்து அமர்ந்தாள். இரண்டாண்டுக் கட்டணம் இவ்வளவு, உறையுளும் உணவும் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று வரைந்தாள். அங்கே படித்து முடித்தார் பொறியியல் போன்ற துறைகளில் ஓராண்டும், நீட்டிப்புப் பெற்றால் மேலும் இரண்டாண்டும் பயிற்சிப் பணி செய்யலாம்; அதன்பின் பணி விசா கிடைப்பது உறுதியன்று. அம்மூன்றாண்டில் வேலை உடனே கிடைத்தால் கடன் இன்ன அளவு தீரும், ஓராண்டு தாழ்ந்தால் இன்ன அளவு நிற்கும் என்று இருவகையாகவும் கணக்கிட்டாள். பின்னர், "அப்பா, நான் ஆராய்ச்சி செய்யவே விண்ணப்பித்தேன். இது வேறு படிப்பு. வீட்டை விற்று வாங்குவதற்கு நான் இதைக் கேட்கவில்லை" என்றாள். அறையில் இருந்த பெரியவர் ஐவருள் ஒருவர்க்கும் விடையில்லை. அக்கணக்கை முன்னரே போட்டிருக்க வேண்டியவர் நாங்கள்.

எம்.எஸ். படிப்பைப் பழித்தல் எம் நோக்கமன்று. கைப்பொருள் உடையாரும், அப்படிப்பால் அடையும் தொழிலை நன்கறிந்து கணக்கிட்டாரும் செல்லலாம்; சென்று உயர்ந்தாரும் நம்முள் உளர். ஊரார் வாயை மூடுதற்காகச் செல்லுதல் மட்டும் ஆகாது. சேர்க்கை பெற்றபின்னும் விசா என்னும் வாயில் உண்டு. 2025 மே மாத இறுதியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நாள் தருதலை நிறுத்தி, ஜூன் 18-ஆம் நாளுக்குப் பின்னரே மீண்டும் தொடங்கின. கடன் வாங்கிய வீட்டிற்கு அம்மூன்று வாரமும் எத்தகையனவாய் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேறு வழிகளும் உள. நம் நாட்டில் கேட் தேர்வில் 2020-ஆம் ஆண்டு முதல் உயிர்மருத்துவப் பொறியியலுக்கெனத் தனித்தாள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், யாம் முன்னர்க் கூறிய திருவனந்தபுரத்து நிலையமும் கூடி, மருத்துவமனையினுள்ளேயே பயிலும் மருத்துவப் பொறியியல் மேற்பட்டம் ஒன்றை நடத்துகின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஆராய்ச்சி மாணவரைச் சம்பளம் பெறும் பணியாளராகவே அமர்த்துகின்றனர். அதற்கு வேலைக்கு விண்ணப்பிப்பது போலவே விண்ணப்பித்தல் வேண்டும். ஒரு வாயில் அடைபட்டதனால் வீதி முழுவதும் அடைபட்டதாகாது.

பெற்றோரே, சுற்றத்தாரே, உங்கள்பால் யாம் வேண்டுவன மூன்று. விண்ணப்பம் அனுப்பிய நாளிலேயே பிள்ளையோடு அமர்ந்து, எந்தப் படிப்பிற்குப் பொருள் வரும், எதற்குப் போகும், எவ்வளவிற்கு மேல் கடன் கொள்ளோம் என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். மறுப்பு வந்த இரவில் அம்முடிவைச் செய்யாதீர்கள். இரண்டாவது, சித்திரை வரை, 'வந்துவிட்டதா?' என்று வினவாதீர்கள். வந்தால் பிள்ளையே ஓடிவந்து கூறும். மூன்றாவது, காத்திருக்கும் திங்கள்களிற் பிள்ளைக்கு வேறொரு பணி இருக்குமாறு செய்யுங்கள். வெறுங்கையோடு காத்திருப்பார்க்கு ஒரு நாள் ஒரு திங்களாக நீளும்.

சங்கத்தார்பாலும் இரண்டு வேண்டுகோள் உண்டு. நம் கல்வி நிதியினின்று ஆண்டுதோறும் வறிய மாணவர் சிலர்க்கு விண்ணப்பக் கட்டணம் கொடுத்து உதவலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆராய்ச்சி செய்யும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் இங்குள்ள மாணவர் ஒருவரின் நோக்கவுரையைப் படித்துத் திருத்தித் தருமாறு ஏற்பாடு செய்யலாம். மற்றொன்று நம் வெளியீட்டைப் பற்றியது. அதன் வாழ்த்துப் பக்கத்தில் இடம் பெற்றார் படங்கள் மட்டுமே அச்சாகின்றன. அப்பக்கம் வரும் திங்களில் எத்தனை வீடுகளில் அதனைப் பிரிக்காது மறைத்து வைக்கின்றனர் என்பதை யாம் அறிவோம். எம் தமக்கையார் வீட்டில் அங்ஙனம் வைத்திருந்தனர். இவ்வூரிலேயே இருந்து நல்ல பணி செய்யும் பிள்ளைகளின் செய்தியும் அப்பக்கத்தில் இடம்பெறுதல் வேண்டும்.

அப்பெண் இப்போது என் செய்கின்றாள் என்று அறிய விரும்புவீர்கள். ஒரு மருத்துவமனையின் நீரிழிவுப் பாதப் பிரிவோடு சேர்ந்த ஆராய்ச்சித் திட்டமொன்றிற் சிறு ஊதியத்திற் பணி செய்கின்றாள். முன்பு தன் தோழியர் காலில் அளந்த கருவியை இப்போது நோயாளர் காலில் அளக்கின்றாள். புண் ஆறாத முதியவர் ஒருவர் தம் செருப்பைக் கழற்றி அவள் கையிற் கொடுத்து, "அம்மா, எந்த இடத்தில் குத்துகிறது என்று எனக்கே தெரியவில்லை, நீ பார்த்துச் சொல்" என்றாராம். அதனை எம்மிடம் கூறியபோது அவள் முகத்தில் ஓராண்டாக யாம் காணாத ஒளியைக் கண்டோம். சென்ற மார்கழியில் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு மறுமுறையும் விண்ணப்பித்திருக்கின்றாள். சென்ற ஆண்டு நேர்கண்ட பேராசிரியரின் துறையும் அவற்றுள் ஒன்று. விடைகள் இனிமேல்தான் வரவேண்டும். வருமா, எங்ஙனம் வரும் என்று யாம் அறியோம். அவளை வினவவும் இல்லை. சென்ற ஞாயிறன்று அவ்வீடு சென்றிருந்தோம். மாடியினின்றும் இறங்கி வந்து, "மாமா, காபி குடிக்கிறீர்களா?" என்றாள்.